ஏழாவது மாடியில் நாற்பது நாள்

ஒரு நாள் தவறினால் அக்கா மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பிப்பார். சளிக்கு ஏழு நாள் கஷாயம் என்றால் ஏழு நாளும் குடித்தாக வேண்டும். ஆறாவது நாள் மழையைச் சாக்காக வைத்து வீட்டிலிருந்தே வேலை பார்த்துவிட்டு, மறுநாள் இளித்துக்கொண்டு வந்து நின்றால், "இன்னிக்கி மொத நாளு" என்று டம்ளரை நீட்டுவார். எங்கள் மேனேஜரே மூன்று தடவை முதல் நாளுக்குத் திரும்பியவர். வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் மூன்று வாரம் அவகாசம் பேசி வாங்கத் தெரிந்த அந்த மனிதருக்கு அக்காவிடம் ஒரு நாள் சலுகை வாங்கத் தெரியவில்லை. "விருந்தும் மருந்தும் மூணு நாளுன்னு பெரியவங்க சொல்லியிருக்காங்களே அக்கா" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "அது எவனோ சோம்பேறி கட்டிவுட்டது சார். குடிங்க" என்றார் அக்கா.

பெங்களூர் வைட்ஃபீல்டில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஏழாவது மாடியில் அப்போது எங்கள் அலுவலகம். அங்கே பேன்ட்ரியைப் பார்த்துக்கொள்ள ஒரு கான்ட்ராக்ட் கம்பெனி அனுப்பிய ஆள்தான் அக்கா. காபி மிஷினுக்குப் பால் ஊற்றுவது, மேடையைத் துடைப்பது, நாங்கள் அங்கங்கே போட்டுவிட்டுப் போகும் கோப்பைகளைப் பொறுக்கிக் கழுவுவது, இவ்வளவுதான் அவர் வேலை. ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை எப்போது பார்த்தாலும் திரும்பியே கிடக்கும். அதைத் திருப்பிப் பெயரைப் படிக்க எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை. தமிழர்களுக்கும் அக்கா, கன்னடக்காரர்களுக்கும் அக்கா, டெல்லியிலிருந்து வந்த பிள்ளைகளும் அதையே கற்றுக்கொண்டார்கள்.

கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வருவார். சுரங்கத்தை மூடிய பிறகு அந்த ஊரில் பாதிப் பேருக்கு ரயில்தான் வாழ்க்கை. விடிவதற்கு முன்பே ஏறி, பாதித் தூரம் நின்றுகொண்டு வந்து, இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து, எட்டரைக்கு ஏழாவது மாடியில் இருப்பார். தோளில் ஒரு வயர் கூடை. அதற்குள் பெரிய ஃபிளாஸ்க் ஒன்று, பழைய வேட்டித் துணியில் கட்டிய சின்னச் சின்ன முடிச்சுகள். ஒன்றில் சுக்கு, ஒன்றில் ஓமம், ஒன்றில் காய்ந்த துளசி, ஒன்றில் என்னவென்று எனக்குக் கடைசி வரை தெரியாத ஒரு வேர்.

யாரிடமும் என்ன செய்கிறது என்று கேட்க மாட்டார். "நாக்க நீட்டுங்க" என்பார், நகத்தைப் பார்ப்பார், கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பார். பிறகு ஒரு எண்ணைச் சொல்வார். மூணு, ஏழு, பதினொண்ணு. நோயின் பெயரெல்லாம் அவர் வாயில் வராது. டிஷ்யூ பேப்பர் அடுக்கி வைக்கும் அலமாரியின் கதவுக்கு உட்புறம் பால்பாயிண்ட் பேனாவால் எங்களுக்கெல்லாம் கோடு போட்டு வைத்திருந்தார். பெயர்கள் தெரியாததால் உட்காரும் இடத்தை எழுதியிருந்தார். சன்னல், பிரின்டர், தாடி, ஏசிக்குக் கீழே. ஒரு பெரிய சிமென்ட் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் நான் தூண்.

வருஷத்துக்கு ஒரு தடவை எங்கள் கம்பெனி ஆரோக்கிய வாரம் நடத்தும். ஒரு வருஷம் ஒரு பெண்மணி மைக்கைப் பிடித்துக்கொண்டு, உடம்புக்குள் சேர்ந்திருக்கும் நஞ்சை எப்படி வெளியேற்றுவது என்று ஒரு மணி நேரம் பேசினார். போகும்போது ஆளுக்கொரு பெட்டி டீடாக்ஸ் டீ கொடுத்தார்கள். அக்கா ஒரு பையைப் பிரித்து, உள்ளே இருந்ததை உள்ளங்கையில் கொட்டி, ஊதிப் பார்த்தார். முக்கால்வாசி பறந்துவிட்டது.

"இத்த எத்தினி நாளு குடிக்கணுமாம்?" என்று கேட்டார்.

"எப்ப வேணாலும் குடிக்கலாமாம் அக்கா."

"அப்ப இது மருந்து இல்ல" என்று சொல்லி, மேடையைத் துடைக்கப் போய்விட்டார்.

அவரை எல்லோரும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினோம் என்று நினைக்க வேண்டாம். எனக்கே அவரிடம் சில விஷயங்கள் பிடிக்காது. தாடி என்று கோடு போட்டிருந்த பையனுக்கு நிலவேம்புக் கஷாயம் கொடுத்தார். நாலாவது நாள் அவன் குடித்த வேகத்தில் ஓடிப்போய் வாந்தி எடுத்தான். முகம் வெளுத்துத் திரும்பி வந்து, போதும் அக்கா என்று கையெடுத்துக் கும்பிட்டான். "நாளைக்கி அஞ்சு" என்றார் அவர். அவன் அந்த வாரம் முழுவதும் ஆறாவது மாடி பேன்ட்ரிக்குப் போய்க் காபி குடித்தான். என்ன கல்நெஞ்சம் இந்தப் பொம்பளைக்கு என்று நான் நினைத்தேன். அப்படி நினைத்ததை யாரிடமோ சொல்லவும் சொன்னேன்.

இன்னொன்று. அவர் இதில் எதையும் தொட மாட்டார். மத்தியானம் கூட்டம் குறைந்ததும் காபி மிஷினின் கடைசிக் காபியை மூன்று பாக்கெட் சர்க்கரை போட்டுக் குடிப்பார். இரண்டு கால்களிலும் முழங்காலுக்குக் கீழே நரம்பு சுருண்டு சுருண்டு புடைத்திருக்கும். உட்கார அவருக்கு நாற்காலி கிடையாது. தண்ணீர் கேனைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து காலை நீவிக்கொள்வார்.

"ஊருக்கெல்லாம் குடுக்கறீங்க, நீங்க எதுவும் குடிக்க மாட்டீங்களாக்கா?" என்று கேட்டிருக்கிறேன்.

"எனுக்கு நாளு எண்ண யாரு கீறா?" என்றார். வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. லிஃப்ட் வேலை செய்யவில்லை என்பதைப் போலச் சொன்னார்.

அந்த வருஷம், கர்ப்பத்தின் ஐந்தாம் மாதத்தில் என் குழந்தை போயிற்று. பெண் குழந்தை. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன், இரும்புச் சத்து மாத்திரையும் இன்னும் ஏதோ மாத்திரைகளும் எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். எனக்கு அம்மா இல்லை. மாமியார் கெட்டவர் இல்லை, ஆனால் நடந்த எதையும் நடக்காததாக்கிவிட்டால் நல்லது என்று நம்புகிறவர். "யாருக்கும் சொல்லிக்க வேணாம்மா. சொல்லி என்ன ஆகப்போறது? உடம்பு தேறினா அடுத்தது வரும்" என்றார். கணவர் இரண்டு நாள் லீவு போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அலுவலகத்தில் நான் கர்ப்பம் என்பதையே சொல்லவில்லை. அப்ரைசல் முடியட்டும் என்று தொளதொள குர்த்தாவுக்குள் மறைத்து வைத்திருந்தேன். அதனால் லீவுக்கு வைரல் காய்ச்சல் என்று மெயில் போட்டேன். பத்தாவது நாள் கேப் ஏறி வேலைக்குப் போய்விட்டேன்.

போன அன்று பேன்ட்ரியில் காபி பிடித்துக்கொண்டிருக்கும்போது மார்பில் பால் கசிந்தது. குழந்தை இல்லை என்று உடம்புக்கு யாரும் சொல்லவில்லை. துப்பட்டாவை இழுத்து விட்டுக்கொண்டேன், அதுவும் நனைந்துவிட்டது. திரும்பினால் அக்கா பார்த்துக்கொண்டிருக்கிறார். என் கையிலிருந்த காபியை வாங்கித் தொட்டியில் ஊற்றினார்.

"எத்தினி மாசம்?"

ஐந்து விரலைக் காட்டினேன். அன்று அவர் என்னிடம் கேட்ட கேள்வி அது ஒன்றுதான். எப்படி ஆச்சு, ஏன் ஆச்சு, டாக்டர் என்ன சொன்னார், எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் ஈரத் துணியில் சுற்றி இரண்டு முழம் மல்லிகை கொண்டுவந்தார். தலையில் வைத்துக்கொள்ளக் கை நீட்டினேன். "தலைக்கு இல்ல மேடம்" என்றார். பெண்கள் கழிப்பறைக்குள் அழைத்துப்போய்த் தாழ் போட்டு, பூவை மார்பின்மேல் வைத்து, பழைய பருத்திப் புடவைத் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டார். பால் வற்றுவதற்காம். கட்டி முடிக்கும் வரை நான் அவர் தோளில் முகத்தை வைத்துச் சத்தமில்லாமல் அழுதேன். வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள்.

"டாக்டரு மாத்தர குடுத்துக்கீறாரில்ல? அத்த நிறுத்தக்கூடாது. திங்கக்கெழமைலேந்து நாப்பது நாளு, நான் குடுக்கறது" என்றார்.

நாற்பது நாள் எதற்கென்று புரிந்தபோது எனக்குக் கூசியது. "அக்கா, அது புள்ள பெத்தவங்களுக்குக் குடுக்கறது இல்லையா?"

"நீ இன்னா பண்ணிட்டு வந்த?" என்றார். அதுவரை என்னை மேடம் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

சுக்கு, மிளகு, திப்பிலி, சதகுப்பை, நல்லெண்ணெயில் வதக்கிய பூண்டு எல்லாம் சேர்த்து வெல்லப்பாகில் கிளறிய கறுப்பு உருண்டை ஒன்று. அதை விழுங்கியதும் மேலே ஒரு டம்ளர் கஷாயம். மைக்ரோவேவில் சூடாக்கும்போது அந்த வாசனை பேன்ட்ரியைத் தாண்டி, கான்பரன்ஸ் ரூம் வரை போகும். காலை ஒன்பதரைக்கு என்னைத் தண்ணீர் கேன்மேல் சுவரைப் பார்த்து உட்கார வைப்பார். குடித்த பிறகும் பத்து நிமிஷம் எழுந்திருக்க விடமாட்டார். அன்று வரை வீட்டிலும் சரி, அலுவலகத்திலும் சரி, என்னைச் சும்மா உட்கார் என்று சொன்னவர் யாருமில்லை. நெற்றியைச் சாய்த்துக்கொள்ளச் சுவர் இருந்தது, கண்ணை மூடிக்கொள்வேன். ஆறுதலாக ஒரு வார்த்தை அவரிடமிருந்து வந்ததில்லை. "உக்காரு", "குடி", "பதினாறு", அவ்வளவுதான் பேச்சு. சனி ஞாயிறுக்கு வெள்ளிக்கிழமையே பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடுவார். வீட்டில் அதை மாமியார் கண்ணில் படாமல் தின்றேன். மருந்து உடம்பை என்ன செய்தது என்று கேட்டால் சத்தியமாக எனக்குத் தெரியாது. காலையில் எழுந்ததும் இன்று பதினேழு, இன்று பதினெட்டு என்று நினைக்க ஒன்று இருந்தது.

எங்கள் ஆபீஸ் ஆட்களுக்கு அது வெறும் நாற்றம். ஆனால் தரை துடைக்க வரும் பெண்களில் இரண்டு மூன்று பேர் அக்காவின் ஊர். அவர்களுக்கு அந்த வாசனை வந்தால் அந்த வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது என்று அர்த்தம். அதில் சின்னவள் ஒருத்தி, இருபத்திரண்டு வயதிருக்கும், நான் டம்ளரைக் கழுவி வைப்பதைப் பார்த்திருக்கிறாள். ஒரு நாள் லிஃப்டில் என் டீம் ஆட்கள் நாலு பேர் நடுவே, முகமெல்லாம் சிரிப்பாக என் கையில் ஒரு வசம்பு வளையலைத் திணித்தாள். "பாப்பா கைல போடுங்க மேடம், காத்து கருப்பு அண்டாது. பொண்ணா பையனா?"

நாலு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எங்க சிஸ்டருக்குக் கொழந்த பொறந்திருக்கு. மருந்து அவளுக்குத்தான், நான் சும்மா வாங்கிட்டுப் போறேன்" என்றேன். பொய் அவ்வளவு சரளமாக வரும் என்று எனக்கே தெரியாது. "பொண்ணு" என்று சேர்த்துச் சொன்னேன். அந்த ஒரு வார்த்தைதான் நிஜம்.

அவள் போய் அக்காவிடம் சொல்லியிருப்பாள். மறுநாள் உருண்டையைக் கொடுத்தபோது அக்கா என் முகத்தைப் பார்த்தார்.

இருபத்தாறாவது நாள் வெள்ளிக்கிழமை. பேன்ட்ரியில் சகிக்க முடியாத வாசனை என்று யாரோ புகார் மெயில் போட்டிருக்கிறார்கள். கட்டட நிர்வாகத்தைப் பார்க்கும் கன்னடக்காரர் நேராக வந்துவிட்டார். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன், கையில் டம்ளர், அதிலிருந்து ஆவி பறக்கிறது. அவர் என்னைத் தாண்டிப்போய் மைக்ரோவேவைத் திறந்து மோந்து பார்த்தார். வயர் கூடையைக் காட்டி, "ஏனக்கா இது? யாரிகெ?" என்றார். யாருக்கு என்று கேட்கிறார்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவள் நான். எனக்கு, நான்தான் குடிக்கிறேன் என்று சொல்லியிருந்தால் போதும், என் பதவிக்கு அவர் ஒரு சாரி சொல்லிவிட்டுப் போயிருப்பார். ஆனால் அதற்கு அடுத்த கேள்வி ஒன்று வரும். என்ன மருந்து, எதற்கு என்று. அந்த நேரம் பார்த்து வாசலில் காபிக்கு நாலு பேர் நிற்கிறார்கள்.

"நனகே சார். ஹொட்டே நோவு" என்றார் அக்கா. தனக்குத்தான், வயிற்று வலி என்று.

நிர்வாகக்காரர் கத்தவில்லை. இன்னும் மோசமாக, மிகவும் பொறுமையாக, இது உங்கள் வீட்டுச் சமையலறை இல்லை என்று கன்னடத்தில் அக்காவுக்கு விளக்கினார். அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி தலையாட்டிக்கொண்டிருந்தார். நான் மிச்சக் கஷாயத்தைக் குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மீட்டிங்குக்குப் போனேன். போகும்போது அக்கா வழக்கம்போல சனி ஞாயிறுக்கான பொட்டலத்தை என் பைக்குள் போட்டார். எனக்கு அப்போது வந்த அவமானத்தைப் போல அதற்கு முன்னும் பின்னும் வந்ததில்லை. அந்த அவமானத்தோடேயே மீட்டிங்கில் ஒன்றரை மணி நேரம் பேசினேன்.

திங்கட்கிழமை பேன்ட்ரியில் வேறு ஆள். அலமாரிக் கதவின் உட்புறத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைத்திருந்தார்கள். அக்காவை இரண்டு கிலோமீட்டர் தள்ளி வேறு கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்களாம். மேனேஜர், "ஐயோ, எனக்கு இன்னும் ரெண்டு நாள் பாக்கி இருந்துச்சே" என்று சிரித்தார். கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை.

பதினோரு மணிக்கு அந்தச் சின்னப் பெண் என் மேஜைக்கு வந்தாள். செய்தித்தாளில் மடித்த ஒரு பொட்டலம். மேலே பால்பாயிண்டில் 29 என்று எழுதியிருந்தது. "அக்கா ரயில்ல குடுத்தாங்க மேடம். உங்க சிஸ்டருக்காம்."

என் பொய்யை அக்கா எனக்காகக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். முப்பது, முப்பத்தொன்று என்று பொட்டலங்கள் வந்தன. வெள்ளிக்கிழமை மூன்றாக வந்தன. நான் மாடிப்படியில் எட்டாவது மாடிக்குப் போகும் திருப்பத்தில் நின்று, உருண்டையை விழுங்கி வெந்நீர் குடித்தேன். உட்கார வைக்க ஆளில்லாததால் நானே படியில் பத்து நிமிஷம் உட்கார்ந்தேன். வெறும் கடமைக்காகத்தான். சில நாள் எல்லாவற்றையும் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போய்ப் படுத்துவிடலாம் என்று இருக்கும். மறுபடி முதல் நாளிலிருந்து ஆரம்பிக்க என்னிடம் தெம்பில்லை, அந்தப் பயத்திலேயே தின்றேன்.

நாற்பது என்று எழுதிய பொட்டலத்தோடு ஒரு செய்தியும் வந்தது. சாயங்காலம் அக்கா ஸ்டேஷனுக்கு வரச் சொன்னாராம்.

அவரைக் கடைசியாகப் பார்த்தது அன்றுதான். வைட்ஃபீல்ட் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில், தங்கவயல் போகும் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் தரையில் வட்டமாக உட்கார்ந்து, ராத்திரிச் சமையலுக்கு அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கால் முன்பைவிட வீங்கியிருந்தது. புதுக் கட்டடத்தில் மூன்று மாடிக்கும் அவர் ஒருத்திதான் என்று அந்தச் சின்னப் பெண் சொன்னாள். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அன்னிக்கி நான் வாயத் தொறக்காம..." என்று ஆரம்பித்தேன்.

"அத்த வுடு. தலைக்கி ஊத்திக்கினியா இன்னிக்கி?"

"காலைல குளிச்சேன்."

"சரி. நாப்பது முடிஞ்சிச்சி" என்றார். கையிலிருந்த காயை உரித்து முடித்தார். பிறகு நிமிர்ந்து, "பேரு இன்னா வச்ச?" என்று கேட்டார்.

யோசித்து வைத்திருந்தாயா என்று கேட்கவில்லை. என்ன பேர் வைத்தாய் என்றார். மூன்றாம் மாதத்திலிருந்து ஒரு பெயர் எனக்குள் இருந்தது. கணவரிடம்கூடச் சொன்னதில்லை, ஏழாம் மாதம் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன். அதைச் சொன்னேன். அந்நேரம் பார்த்து ரயில் வருகிறது என்று மூன்று மொழியில் அறிவிப்புப் போட்டார்கள், அக்காவுக்குக் காதில் விழவில்லை. குனிந்து இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன்.

அந்தச் சின்னப் பெண் அவரைக்காயிலிருந்து தலையைத் தூக்கினாள். "உங்க சிஸ்டர் பாப்பா பேரா மேடம்? சூப்பரா கீது."

அக்கா அவளையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. பன்னிரண்டு நாள் எனக்காக அந்தப் பொய்யைச் சுமந்தவர், இன்னும் ஒரு தடவை ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தோலை எல்லாம் ஒரு காகிதத்தில் திரட்டி மடித்துக்கொண்டிருந்தார். மற்றப் பெண்கள் பைகளை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள்.

"சிஸ்டர் பாப்பா இல்லம்மா. என் பொண்ணு" என்றேன். "அஞ்சாம் மாசம் பொறந்து செத்துப்போச்சு."

அவள் கை அப்படியே நின்றது. மடியிலிருந்த அவரைக்கொட்டைகள் தரையில் சிதறியதைக்கூட அவள் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள்.

"அப்ப அந்த மருந்து அல்லாம் யாருக்கு மேடம்?"

"எனக்குத்தான்" என்றேன்.